வெள்ளி நகரங்களின் வெள்ளிப் படங்கள்

1859-ஆம் ஆண்டில் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் கண்டறியப்பட்டதும், அமெரிக்காவின் நெவாடா மலைச்சரிவில் வர்ஜீனியா சிட்டி என்ற ஊர் முளைத்தது. சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பின்னாலேயே அச்சு இயந்திரமும் வந்தது. ‘டெரிட்டோரியல் எண்டர்பிரைஸ்’ பத்திரிகை 1860-இல் இங்கே இடம்பெயர்ந்தது. அதன் நிருபர் சாமுவேல் கிளெமென்ஸ் 1863-இல் மார்க் ட்வைன் என்ற புனைபெயரை முதன்முதலாகப் பயன்படுத்தியதும் இதில்தான். அரிசோனாவின் டூம்ஸ்டோன் என்ற வெள்ளிச் சுரங்க ஊரில் 1880-இல் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘எபிடாஃப்’. கல்லறை என்று பெயர் கொண்ட ஊருக்குக் கல்லறை வாசகம் என்று ஓர் ஏடு!

இத்தகைய பத்திரிகை அலுவலகங்களின் பழைய புகைப்படங்களைச் சேகரிப்பவர்கள், படத்தில் தெரியும் காட்சியை மட்டும் நம்புவதில்லை. படம் எதனால் ஆனது என்பதையும் பார்க்கிறார்கள். 1850-இல் பிரான்சின் பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்திய ஆல்புமின் தாளே அடுத்த நாற்பது ஆண்டுகள் கோலோச்சியது. உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கருவை மெல்லிய தாளில் பூசி உலர்த்தி, அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டால், ஒளிபட்டால் கருக்கும் வெள்ளி குளோரைடு அதில் உருவாகும். அந்தத் தாளை நெகட்டிவ் கண்ணாடியோடு ஒட்டிவைத்து வெயிலில் காட்டினால், ரசாயனக் கரைசல் எதுவும் இல்லாமலேயே உருவம் கண்ணெதிரே கருத்துவரும். பிறகு தங்க குளோரைடு கரைசலில் நனைத்து நிறத்தையும் ஆயுளையும் கூட்டி, ஹைப்போ என்ற உப்பின் கரைசலில் கழுவி எஞ்சிய வெள்ளி உப்பை நீக்குவார்கள். வெள்ளி நகரத்தின் படமே வெள்ளியாலும் சிறிது தங்கத்தாலும் ஆனது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

வெயிலில் இவ்வாறு உருவாகும் வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் படம் கருப்பாக அல்லாமல் பழுப்பாகத் தெரிகிறது. காலப்போக்கில் வெளிச்சமான பகுதிகளும் மஞ்சளாவதற்குக் காரணம், வெள்ளைக்கருவின் புரதத்தோடு அதிலுள்ள சிறிதளவு குளுக்கோஸ் வினைபுரிவதும், கழுவியும் நீங்காமல் புரதத்தோடு பிணைந்துகிடக்கும் வெள்ளியும் ஆகும். தோசை முறுகும்போது சிவப்பதும் புரதமும் சர்க்கரையும் சேரும் அதே வகை வினையால்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆல்புமின் பூச்சுக்கு அடியில் தாளின் நார்கள் தெளிவாகத் தெரியும். பின்னாளில் பரவிய ஜெலட்டின் தாள்கள் பெரும்பாலானவற்றில் பேரியம் சல்பேட் என்ற வெள்ளைப் பூச்சு இடையில் இருப்பதால் நார்கள் மறைந்துவிடும். எனவே, 1860-களின் படம் என்று விற்கப்படும் ஒன்றில் நார்களே தெரியாவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

பத்திரிகை அலுவலகப் படத்துக்கே உரிய தனித் தடயம் பெயர்ப்பலகை. இரும்புத் தகட்டில் நேரடியாக எடுக்கப்பட்ட டின்டைப் படங்களில் நெகட்டிவ் என்ற இடைநிலை இல்லாததால், பலகை எழுத்துகள் பொதுவாகக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும். இடவலம் மாறிய ஈய எழுத்துகளைத் தினமும் படித்துப் பழகிய அச்சுக்கோப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. மேலும், 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் தகடு (ஒட்டும் பூச்சு ஈரமாக இருக்கும்போதே படமெடுக்கும் தகடு) நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாகிறது. சிவப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து எழுதியிருந்தால் பலகை முழுதும் கருப்பாகத் தோன்றிப் பத்திரிகையின் பெயரே மறைந்துவிடக்கூடும். ஒளிபடும் நேரம் சில விநாடிகள் நீண்டதால், வாசலில் அசையாமல் நின்றவர்கள் தெளிவாகவும், தலையாட்டிய குதிரை புகைபோலவும் பதிந்தன.

போலிகளைப் பிடிக்க இரண்டு எளிய சோதனைகள் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் தாள் பளிச்சென்று நீல வெண்மையாக ஒளிர்ந்தால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் தாள்களில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டி அதில் இருக்கிறது என்று பொருள். பூதக்கண்ணாடியில் சீரான புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது புகைப்படமே அல்ல. வெள்ளி கொஞ்சமும் இல்லாத, மையால் அச்சிட்ட பிரதி.