“முதுகு வலிக்குதா? சுமோவுக்கு மாறு” என்று சொல்வதை நிறுத்துங்கள்

உள்தொடைத் தசை கிழிந்து பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் பெரும்பாலும் கால்பந்து ஆடுகிறவர்களாகவோ கபடி ஆடுகிறவர்களாகவோ இருப்பார்கள். இப்போது ஜிம்மிலிருந்து வருகிறார்கள். கேட்டால் கதை ஏறக்குறைய ஒன்றுதான். டெட்லிஃப்ட், அதாவது இரு முனையிலும் எடைத் தட்டுகள் (பிளேட்) மாட்டிய கம்பியை (பார்) தரையிலிருந்து தூக்கி நிமிரும் பயிற்சி, செய்யும்போது கீழ்முதுகில் லேசான வலி. ட்ரெய்னரோ கூடப் பயிற்சி செய்கிற நண்பரோ, “கன்வென்ஷனலை விடு, சுமோ பண்ணு, முதுகுக்கு லோடே வராது” என்கிறார். அன்றைக்கே, வழக்கமாகத் தூக்கும் அதே எடையை வைத்து, கால்களைப் பிளேட் வரைக்கும் அகட்டி வைத்துத் தூக்குகிறார்கள். கவட்டையில் சுரீரென்று இழுக்கிறது. அப்புறம் யாரோ சூடாக எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்கள். தொடை முழுக்க ரத்தம் கட்டிக் கருநீலமான பிறகு என்னிடம் வருகிறார்கள்.

கடந்த வாரம் வந்த இளைஞர் நிலை இதுதான். முதுகு வலியும் போகவில்லை, நடக்கவும் முடியவில்லை. இதே ஆலோசனையால் இதே காயத்தோடு இன்னொருவர் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இவை டெட்லிஃப்டின் இரண்டு முறைகள். கன்வென்ஷனலில் பாதங்கள் இடுப்பு அகலத்தில் இருக்கும், கைகள் முழங்காலுக்கு வெளியே பாரைப் பிடிக்கும். சுமோவில் கால்கள் அகன்று, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், கைகள் கால்களுக்கு நடுவே பிடிக்கும். முதலாவதில் உடம்பு முன்னால் அதிகம் சாயும். இரண்டாவதில் நெஞ்சு நிமிர்ந்திருக்கும், முன்தொடையும் உள்தொடையும் கூடுதலாக உழைக்கும்.

இந்த “நெஞ்சு நிமிர்ந்திருக்கும்” என்பதிலிருந்துதான் “முதுகுக்கு லோடு வராது” என்ற கற்பனை கிளம்பியது. நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் கையில் 100 கிலோ பிடித்திருக்கிறீர்கள். அந்த எடை கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகெலும்புக்கு, அங்கிருந்து இடுப்புக்கு, அப்புறம் கால் வழியாகத் தரைக்குப் போகிறது. காலை எவ்வளவு அகட்டி வைத்தாலும் முதுகெலும்பைச் சுற்றிக்கொண்டு போக எடைக்கு வேறு வழி கிடையாது. மாறுவதெல்லாம், இடுப்பிலிருந்து பார் எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்ற தூரம். தூரம் குறைந்தால் முதுகை முன்னால் வளைக்கப் பார்க்கும் விசை குறையும், அவ்வளவுதான்.

எவ்வளவு குறையும்? 1991-இல் கனடாவில் பவர்லிஃப்டிங் (டெட்லிஃப்ட் உள்ளிட்ட பளுதூக்கும் போட்டி) வீரர்களைப் படம்பிடித்துக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே விழும் வளைவிசை சுமோவில் சுமார் 10 சதவீதமும், முன்னால் நழுவத் தள்ளும் விசை சுமார் 8 சதவீதமும் குறைவு என்று அதில் கண்டார்கள். பத்து சதவீதம் சின்ன விஷயமில்லை, ஆனால் அது “லோடே வராது” என்பதும் இல்லை. பாரில் பத்துப் பன்னிரண்டு கிலோ கூட்டினாலே அந்தச் சலுகை தீர்ந்துபோகும். சுமோ நன்றாக வரும் உடம்புக்காரர்கள் மாறிய சில மாதங்களிலேயே கூட்டிவிடுகிறார்கள். தூக்க முடிகிறது, கூட்டுகிறார்கள், முதுகு பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் சுமோவைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள். ஜிம்மில் நான் பார்க்கும் சுமோவில் முக்கால்வாசி, கால் மட்டும் அகன்ற கன்வென்ஷனல்தான். பார் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பிட்டம் மேலே எழுந்துவிடும், நெஞ்சு கவிழ்ந்துவிடும். முதுகுக்குக் கிடைக்க வேண்டிய பத்து சதவீதமும் போச்சு, உள்தொடைக்குப் புதிய பாரமும் சேர்ந்தாச்சு.

முதுகு ஏன் வலித்தது என்று முதலில் பாருங்கள். எடையை ஒரே வாரத்தில் தாவித் தாவிக் கூட்டியிருக்கலாம். பார் காலை ஒட்டி வராமல் விலகிப் போயிருக்கலாம். நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு வார்ம் அப் இல்லாமல் நேராகக் கனமான செட்டுக்குப் போயிருக்கலாம். இவற்றில் எதையும் சுமோ சரிசெய்யாது. வலியுடன் வருகிறவருக்கு நிற்கும் முறையை மாற்றுவது மருத்துவம் ஆகாது. தயவுசெய்து ட்ரெய்னர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கம், “சுமோ ஏமாற்று வேலை” என்கிற கூட்டம். பன்னாட்டு பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு இரண்டு முறைகளையும் அனுமதிக்கிறது. ஸ்ட்ராங்மேன் எனும் பலசாலிப் போட்டிகளில் பொதுவாகச் சுமோவை அனுமதிப்பதில்லை, அது அந்தப் போட்டியின் விதி. சுமோவில் பார் பயணிக்கும் தூரம் குறைவுதான், ஆனால் தரையிலிருந்து கிளப்புவது பலருக்கு அதில்தான் கடினம். கேலிக்குப் பயந்து, கன்வென்ஷனலில் இடுப்பு மூட்டு ஒவ்வொரு முறையும் குத்துகிறது என்று தெரிந்தும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். உங்கள் மூட்டு தேய்ந்தால் கேலி செய்தவர் வந்து பார்க்கப்போவதில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? உயரமானவர் கன்வென்ஷனல், குள்ளமானவர் சுமோ என்று ஓர் அட்டவணை சுற்றிக்கொண்டிருக்கிறது. உயரம் தனியாக எதையும் சொல்லாது. கை நீளம், தொடை எலும்பின் நீளம், உடற்பகுதியின் நீளம் மூன்றும் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு. கை நீளமாக இருந்தால் குறைவாகக் குனிந்தாலே பாரை எட்டலாம், கன்வென்ஷனல் சுலபம். 1985-இல் 60 கிலோ எடைப்பிரிவில் 300 கிலோ தூக்கிய அமெரிக்கர் லமார் கேன்ட் கன்வென்ஷனல்காரர். அவர் கைகள் அசாதாரண நீளம். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த உடம்பு வேறு, அதனால் உடற்பகுதி குறுகி, கை இன்னும் கீழே தொங்கும். தொடை நீண்டு, கை குட்டையாக இருப்பவர் கன்வென்ஷனலில் ஏறக்குறையத் தரைக்குப் படுக்கையாகச் சாய வேண்டியிருக்கும். அவருக்குச் சுமோ பெரிய நிம்மதி. வயிறு பெரிதாக உள்ளவர்களுக்கும் கால்களைக் கொஞ்சம் அகட்டினால்தான் வயிறு தொடையில் முட்டாமல் முதுகு நேராக நிற்கும்.

ஆனால் அளவுநாடா காட்டாத ஒன்று இருக்கிறது, அதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது: இடுப்பு மூட்டின் வடிவம். தொடை எலும்பின் தலை உட்காரும் குழி சிலருக்கு ஆழம், சிலருக்கு ஆழம் குறைவு. சிலருக்கு முன்னால் பார்த்திருக்கும், சிலருக்குப் பக்கவாட்டில். தொடை எலும்பின் கழுத்தும் ஆளுக்கு ஆள் வேறு கோணத்தில் திருகியிருக்கும். கால்களை அகட்டி வெளிப்பக்கம் திருப்பும்போது ஒரு கட்டத்தில் எலும்பு எலும்பில் போய் முட்டும். அதற்கு மேல் ஸ்ட்ரெட்ச் செய்து பயனில்லை. “ஆறு மாசமா ஸ்ட்ரெட்ச் பண்றேன், இன்னும் இறங்கல” என்று வருகிறவர்களில் பலருக்குத் தசை இறுக்கமே கிடையாது. தசை இழுபட்டால் உள்தொடையில் இழுப்பு தெரியும். எலும்பு முட்டினால் இடுப்பின் முன்பக்க மடிப்பிலோ வெளிப்பக்கத்திலோ அடைத்த மாதிரி, கிள்ளுகிற மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகுங்கள். கிள்ளினால் அங்கேயே நிறுத்துங்கள், மேலே தள்ளாதீர்கள்.

வீட்டிலேயே கொஞ்சம் பார்க்கலாம். நாலுகாலில் நில்லுங்கள். முழங்கால்களை இடுப்பு அகலத்தில் வைத்து, பிட்டத்தைக் குதிகாலை நோக்கிப் பின்னால் தள்ளுங்கள். பக்கத்திலிருந்து யாரையாவது போனில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். கீழ்முதுகு எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது? இப்போது முழங்கால்களை அகட்டி வைத்து அதையே செய்யுங்கள். அகலத்தில் முதுகு வளையாமல் நன்றாகப் பின்னால் போக முடிந்தால் சுமோவுக்கு இடமிருக்கிறது. குறுகலிலேயே நன்றாகப் போய், அகட்டினால் கிள்ளினால் கன்வென்ஷனலில் இருங்கள்.

சம்மணம் போட்டு உட்காருங்கள். முழங்கால்கள் தரைக்கு அருகே தளர்வாக இறங்குகின்றனவா, நெஞ்சு உயரத்துக்கு நிற்கின்றனவா? சின்ன வயதிலிருந்து சம்மணத்தில் சாப்பிட்டும் முழங்கால் இறங்காதவர்கள் உண்டு. நடக்கும்போது அவர்களில் சிலருக்குப் பாதம் உள்பக்கம் பார்த்திருக்கும். தொடை எலும்பின் திருகல் அப்படி. அவர்களைப் பாதத்தை 45 பாகை வெளியே திருப்பி நிற்கச் சொல்வது கொடுமை. கிளினிக்கில் குப்புறப் படுக்க வைத்து இந்தத் திருகலைச் சோதிப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகள் ஒரு திசையைக் காட்டும், அவ்வளவே. கடைசி முடிவு பாரோடு நின்று பார்த்தால்தான் தெரியும். இரண்டையும் குறைந்த எடையில் 6 முதல் 8 வாரம் செய்யுங்கள், பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் படம்பிடியுங்கள். கன்வென்ஷனலுக்கு, மேலே எம்பிக் குதிக்க எப்படி நிற்பீர்களோ அந்த அகலம் போதும். சுமோவில் முன்னாலிருந்து பார்த்தால் முழங்காலுக்கு நேர் கீழே கணுக்கால் இருக்க வேண்டும், முழங்கால் பாதத்தின் திசையிலேயே போக வேண்டும். தூக்கும்போது முழங்கால் உள்ளே விழுந்தால் நீங்கள் அளவுக்கு மீறி அகட்டியிருக்கிறீர்கள். கால் கட்டைவிரல் பிளேட்டைத் தொட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அமெரிக்கர் எட் கோன் 100 கிலோ எடைப்பிரிவில் 1991-இல் 901 பவுண்டு, அதாவது 408 கிலோவுக்கு மேல் தூக்கினார். சுமோதான், ஆனால் கால்களை அளவாகத்தான் அகட்டினார். இரண்டுக்கும் நடுவே இப்படி நிற்பதுதான் நான் பார்க்கிற பலருக்கும் பொருந்துகிறது. அதை ஏனோ யாரும் சொல்லித்தருவதில்லை.

உடம்பைக் குறை சொல்வதற்கு முன் ஜிம்மையும் பாருங்கள். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளேட் போட்டால்தான் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நம் ஊர் ஜிம்களில் பாதிக்கு மேல் பழைய இரும்பு பிளேட்டுகள். 10 கிலோ பிளேட் தட்டு மாதிரி சின்னதாக இருக்கும், பார் கணுக்காலுக்குச் சற்று மேலேதான் நிற்கும். அதை எடுக்கக் குனிந்தால் யாருக்கும் முதுகு வளையும். இரண்டு பக்கமும் கீழே ரப்பர் பிளேட்டுகளைப் படுக்கப் போட்டு உயரத்தைச் சரிசெய்துவிட்டு அப்புறம் எந்த முறை என்று யோசியுங்கள். டைல்ஸ் தரையில் சுமோ செய்யவே செய்யாதீர்கள். பாதம் பக்கவாட்டில் வழுக்கினால் முழு எடையும் உள்தொடையில்தான் வந்து விழும். மெத்தென்ற ஓட்டப்பந்தய ஷூவும் வேண்டாம். தட்டையான கான்வாஸ் ஷூ போதும். குட்டைக் கம்பியில் சுமோ முயலாதீர்கள், பிளேட் காலில் விழும்.

மாறுவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். இதில் பேரம் கிடையாது. உங்கள் முதுகும் தொடையும் அந்த எடைக்குப் பழகியிருக்கலாம். உள்தொடைத் தசையும் அது எலும்பில் ஒட்டும் தசைநாணும் பழகவில்லை. தசைநாண் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். வாரத்துக்கு இரண்டு முறை கோப்பன்ஹேகன் பிளாங்க் (பக்கவாட்டில் படுத்து, மேல் காலைப் பெஞ்சில் ஊன்றி உடம்பைத் தூக்கி நிறுத்தும் உள்தொடைப் பயிற்சி) செய்யுங்கள், முதலில் முழங்காலைப் பெஞ்சில் வைத்து. வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பழைய எடைக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆனால் ஆகட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு ஜிம்முக்குத் திரும்பும் பெண்கள் கவனிக்க: படுக்கையில் புரளும்போதோ, படி ஏறும்போதோ அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க எலும்பு இணைப்பில் வலி இருந்தால் காலை அகட்டும் எந்தப் பயிற்சியும் இப்போது வேண்டாம். “பெண்களுக்குச் சுமோதான் நல்லது” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கவட்டையில் “பட்” என்று உணர்ந்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. முதல் சில நாள் உருவி விடுவது, சூடு வைப்பது, இழுத்துப் பார்ப்பது எதுவும் கூடாது. ரத்தக்கட்டு பெரிதாகும். இருமினால் கவட்டையில் வீக்கம் புடைத்துத் தெரிந்தால் அது தசைப்பிடிப்பு இல்லை, குடலிறக்கமாக இருக்கலாம். அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகு வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்தால் எடையை விட்டுவிட்டு வாருங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ என்னிடம்கூட வர வேண்டாம், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.