பாலைக் கல்லுக்கு ஆசிட் குளியல் வேண்டாம்

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் இப்போது பாலைவனக் கல்லும் வருகிறது. மேசையில் அழகுக்கு வைக்கத்தான். மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கமிருந்து என்னிடம் காட்டக் கொண்டுவரும்போது, பாதிப் பேர் அதை டைல்ஸ் கழுவுகிற ஆசிட்டில் குளிப்பாட்டி முடித்திருப்பார்கள். நிலவியல் படித்தவனுக்கு வயிறு எரியும்.

பாலைக் கல்லின் மதிப்பே அதன் மேல்தோல்தான். காற்றில் துள்ளிப் போகும் மணல் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள்தான் பறக்கும். வழியில் கிடக்கிற கல்லை ஒரே பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து, வைரத்துக்குப் போடுவதுபோல் தட்டையாகப் பட்டை போடும். கல் புரண்டாலோ காற்று திசை மாறினாலோ அடுத்த பட்டை. இரண்டு பட்டைகள் சேருமிடத்தில் விளிம்பு கூராக நிற்கும். சில கற்களில் கறுப்பும் பழுப்புமாக ஒரு பூச்சு இருக்கும், பாலை வார்னிஷ் என்பார்கள். களிமண்ணோடு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் படிந்தது. 1000 ஆண்டில் தலைமுடியின் கனம்கூடச் சேராது. அதைத்தான் ஆசிட் ஊற்றி அழிக்கிறோம். சுண்ணாம்புக் கல் என்றால் நுரைத்துக்கொண்டு பட்டையே மழுங்கிப் போகும்.

தேங்காய் எண்ணெயும் வேண்டாம். கொஞ்ச நாள் மினுக்கும், அப்புறம் தூசியும் சிக்கு வாடையும்தான் மிச்சம். பச்சைத் தண்ணீர், மென்மையான பிரஷ், நிழலில் உலர்த்தல் போதும். உப்புப் படிந்த நிலத்தில் எடுத்த கல்லை மட்டும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் நம் கடலோர ஈரத்தில் உள்ளிருக்கும் உப்பு கரைந்து, காயும்போது மறுபடி படிகமாகித் தோலை உரித்துவிடும்.

இயற்கைக் கல்லை அழகுக்காக வைத்து ரசிக்கும் ஜப்பானிய சுய்செகி மரபில் கல்லின் அடிப்பக்கத்துக்கு ஏற்ப மரப் பீடத்தைக் குடைவார்கள். நம்மூர் ஆசாரியிடம் கல்லைக் கொடுத்தால் பூவரசங்கட்டையிலேயே குடைந்து தருவார். கல் நேராக நிற்கவில்லை என்று அடியை அறுக்கக் கொடுக்காதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், பட்டைகள் தெரியும்.

“நம்ம தேரிக்காடும் பாலை மாதிரிதானே சார், அங்கேயே பொறுக்கலாமே?” என்று கேட்கிறார்கள். கூடாது. தேரி என்பது காற்று வாரிக் குவித்த செம்மணல். அதன் மேல் கிடக்கிற குவார்ட்ஸ், செர்ட் (சிக்கிமுக்கி போன்ற கடினக் கல்) சில்லுகள் பலவும் மனிதன் உடைத்துச் செய்த நுண்கற்கருவிகள். தூத்துக்குடி மாவட்டச் சாயர்புரம் போன்ற இடங்களின் தேரிக் கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதைக் கொண்டுதான் வயதை ஊகிக்க முடியும். சட்டைப்பைக்குள் போய்விட்டால் அது வெறும் சில்லு. கண்ணில் பட்டால் கிடந்தபடியே படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள்.