ஊர்த் தண்ணி ஏன் இனிக்கிறது?

கோவையிலிருந்து சென்னைக்குக் குடிவந்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்டிருக்கிறார். அதே பருப்பு, அதே குக்கர், அதே கை. ஆனாலும் சாம்பார் ஊர்ச் சாம்பார் மாதிரி இல்லையே, ஏன்? ஒரு வருஷம் கழித்துப் பொங்கலுக்குப் போய்ச் சிறுவாணித் தண்ணியை ஆசையாக வாங்கிக் குடித்தால் சப்பென்று இருந்ததே, அது ஏன்?

முதல் கேள்விக்கான வேதியியல் பள்ளியில் படித்ததுதான். கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம் கரைந்திருந்தால் அது கடின நீர். சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளைப் படிவு ஏறும். சிறுவாணி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பெய்யும் மழைநீர். அங்குள்ள நைஸ், சார்னகைட் வகைப் பாறைகள் எளிதில் கரையாதவை, தண்ணீரும் நிலத்தடியில் நெடுநாள் தங்குவதில்லை. அதனால் அது மென்னீர். கோவைக்காரர்கள் ஊர்த் தண்ணி என்று கொண்டாடும் அந்த அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். கோவை மண்ணுக்கு அடியில் உள்ள போர்வெல் தண்ணியோ பல இடங்களில் உப்புத் தண்ணிதான். ‘உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர்’ என்று சிறுவாணிக்கு ஒரு பட்டமும் உண்டு. போட்டி எங்கே நடந்தது, நடுவர் யார் என்று கேட்டால் யாரும் ஆதாரம் காட்டுவதில்லை.

சென்னையில் ஏரி நீர், கிருஷ்ணா நீர், வீராணம், மீஞ்சூர், நெம்மேலியில் சுத்திகரித்த கடல்நீர் என்று பல வாய்கள். அடுக்குமாடிகளில் இவற்றோடு போர்வெல்லும் ஒரே சம்ப்பில் கலக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியே இல்லாத ஊருக்கு 600 வரை விட்டுக்கொடுக்கிறது. உங்கள் குழாயில் எவ்வளவு என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். குடிநீர் வரி ரசீதில் இந்த ஓர் எண்ணை அச்சிட்டுத் தர எந்த உள்ளாட்சிக்கும் பெரிய செலவு ஆகாது. ஏனோ செய்வதில்லை. இப்போதைக்கு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

பருப்புக்கு வருவோம். துவரம் பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின், செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் மாதிரி. கொதிக்கும்போது பெக்டின் அறுந்து கரைந்தால்தான் பருப்பு குழையும். பெக்டின் இழைகளில் எதிர்மின்சுமை உண்டு. கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்சுமை. ஆகவே ஒரே கால்சியம் அயனி இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பருப்பு நறுக்கென்றே நிற்கும். நாள்பட்ட பருப்பு என்றால் இன்னும் மோசம். பருப்பிலுள்ள ஃபைடிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிவைத்திருக்கும். வெக்கையிலும் ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த அமிலம் சிதைந்து, விடுபட்ட கால்சியமும் பெக்டினைப் போய்ப் பிடிக்கும்.

வழி எளிது. பருப்பு வேகவைக்க மட்டும் மென்னீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும், சாம்பாரை நீட்டக் குழாய்த் தண்ணீரே ஆகும். லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு போட்ட தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வடித்துவிட்டு வேகவைத்தாலும் பலன் உண்டு. சோடியத்துக்கு ஒரே ஒரு மின்சுமை. கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும், ஆனால் இரண்டு இழைகளை இணைக்காது. புளி, தக்காளி இரண்டும் பருப்பு வெந்த பிறகுதான், ஏனென்றால் அமிலத்தில் பெக்டின் மெதுவாக அறுகிறது. காரத்தில் (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான காரம்) வேகமாக அறுகிறது, அதனால்தான் ஆப்ப சோடா. ஒரு டம்ளர் பருப்புக்கு ஒரு சிட்டிகை மேல் வேண்டாம். கூடிப்போனால் மஞ்சள் தூள் சிவக்கும், பருப்பில் சோப்பு வாடை அடிக்கும், பி1 வைட்டமினும் போகும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை இறுத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் அடியில் தங்கும். குளோரைடும் சல்பேட்டும் அசையாது.

ஒரு எச்சரிக்கை. ஆர்.ஓ. விற்க வருபவர் இரண்டு ஜோடிக் கம்பிகளைக் குழாய்த் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார். குழாய்த் தண்ணீர் சாக்கடை நிறமாகும். அது தண்ணீரின் அழுக்கு அல்ல, கம்பியின் இரும்பு கரைந்து வந்த துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, ஆகவே தெளிவாகவே நிற்கும். அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. கிருமியையோ கடினத்தன்மையையோ தனியாகக் காட்டாது.

இனி இரண்டாவது கேள்வி. அழகு இதில்தான். வாய் எப்போதும் எச்சிலில் ஊறிக்கிடக்கிறது, எச்சிலில் எப்போதும் கொஞ்சம் சோடியம் உண்டு. அந்த உப்பு நமக்குக் கரிப்பதே இல்லை, காரணம் சுவை செல்கள் அதற்குப் பழகிவிட்டன. நாக்கு சொல்வது தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை அல்ல, பழகியதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை. காய்ச்சி வடித்த நீரால் நாக்கைத் தொடர்ந்து அலசி எச்சில் உப்பை நீக்கினால், அதுவரை தெரியாத நுண்ணளவு உப்பும் தெரியத் தொடங்கும். பழகிய அளவைவிட உப்பு குறைந்தால் அதுவும் ஒரு சுவைதான். 1960களில் அமெரிக்க உளவியலாளர் லிண்டா பார்ட்டோஷுக் இதை முறையாகச் சோதித்தார். உப்புக்குப் பழகிய நாக்கில் வெறும் தண்ணீர் கசப்பும் புளிப்புமாகத் தெரிந்தது, அமிலத்துக்கும் மலேரியா மருந்தான கொய்னாவின் கசப்புக்கும் பழகிய நாக்கில் அதே தண்ணீர் இனித்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை எதுவும் சேரவில்லை, மாறியது நாக்கின் நிலை.

வீட்டிலேயே பார்க்கலாம். 200 மில்லி தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் வைத்திருந்து துப்புங்கள். உடனே ஆர்.ஓ. தண்ணீர் ஒரு மடக்கு. லேசான கசப்பு தட்டும், சில வினாடிகளில் மறையும்.

இது வினாடிக் கணக்கு. மாதக் கணக்கிலும் விருப்பம் நகர்கிறது. உணவில் உப்பைக் குறைத்தவர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், இரண்டு மூன்று மாதத்தில் குறைந்த உப்பே அவர்களுக்கு நிறைவாகத் தோன்றியது, பழைய அளவு கரித்தது. குடிநீரிலும் இதே போக்கில்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. உப்பு கூடிய தண்ணீருக்குச் சென்னையில் ஒரு வருஷம் பழகிய வாய்க்குச் சிறுவாணி சப்பென்று இருப்பதில் வியப்பில்லை. ஊரில் ஒரு மாதம் தங்கினால் மறுபடி இனிக்கக்கூடும். பொங்கல் விடுமுறை போதாது.

நினைப்பா, நாக்கா என்று சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். ஒரே மாதிரி மூன்று டம்ளர். இரண்டில் ஒரு தண்ணி, ஒன்றில் மற்றது. ஊற்றுபவர் ஒருவர், குடிப்பவர் வேறொருவர்; தனித்திருக்கும் டம்ளரைச் சொல்ல வேண்டும். ஆறு முறையில் ஐந்து சரியாக வந்தால் உண்மையிலேயே தெரிகிறது என்று கொள்ளலாம். வெறும் குருட்டு ஊகத்தில் அப்படி அமைய நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை. இரண்டு தண்ணீரும் ஒரே வெப்பத்தில் இருக்கட்டும், குளிர்ந்தால் சுவை மங்கும். குளோரின் வாடை காட்டிக்கொடுக்காமல் இருக்க இரண்டையும் ஓர் இரவு திறந்துவையுங்கள். பாத்திரமும் ஒரே ரகமாக வேண்டும். ஒன்று எவர்சில்வரிலும் மற்றது பிளாஸ்டிக் கேனிலும் ஊரிலிருந்து வந்தால் நீங்கள் சோதிப்பது கேனைத்தான்.