நாலு ஜிபி கார்டும் லோ வோல்டேஜும்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய், "கேம் விளையாடுற மாதிரி ஒரு பிசி அசெம்பிள் பண்ணணும்ணே" என்று கேட்டுப் பாருங்கள். "பட்ஜெட் எவ்ளோ தம்பி?" என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். அடுத்ததாக, "ரெண்டு ஜிபி கார்டு போடவா, நாலு ஜிபி போடவா?" என்பார்கள். கையில் இருக்கும் நாற்பது, ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு வீணாவது இந்தக் கேள்வியில்தான். இன்னொரு பங்கு வீணாவது, யாரும் கேட்காமல் விடுகிற கேள்வியில்: உங்கள் வீட்டில் சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு இருக்கும்?

முதலில் கார்டு, அதாவது திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு. கேம் என்று நாம் பார்ப்பது அடுத்தடுத்து வரும் படங்களை. நொடிக்கு 60 படம் வந்தால் அசைவு வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படியென்றால் ஒரு படத்தைத் தயாரிக்கக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி நொடி. நீங்கள் மவுஸை எந்தப் பக்கம் திருப்பினீர்கள், சுட்ட தோட்டா எங்கே பட்டது, எதிரி அடுத்து எங்கே ஓடுவான் என்பதையெல்லாம் ப்ராசஸர் கணக்குப் பார்த்து, எதை எங்கே வரையவேண்டும் என்று ஒரு பட்டியல் போடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு அதை வாங்கி வரைகிறது. சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடிக்கு மேல் புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு புள்ளியின் நிறத்துக்காகப் பக்கத்துப் புள்ளி காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இந்த வேலையை ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அதனால்தான் ரைசன் 5 5600 ப்ராசஸரில் கணக்குப் போடும் கோர் 6 மட்டும் இருக்க, ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டில் 1,792 குட்டிக் கணக்கு அலகுகள் இருக்கின்றன.

கார்டு ஒரு படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே ப்ராசஸர் அடுத்த படத்துக்கான பட்டியலைப் போட ஆரம்பித்துவிடும். ஆகவே இரண்டு நேரத்தையும் கூட்டக்கூடாது; எது மெதுவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். ப்ராசஸருக்கு 8 மில்லி நொடியும் கார்டுக்கு 20 மில்லி நொடியும் ஆகிறது என்றால், நொடிக்கு 50 படம். இன்னும் பத்தாயிரம் போட்டு ப்ராசஸர் நேரத்தை 5 ஆகக் குறைத்தாலும் அதே 50 தான். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் எது மெது என்று தெரிந்துகொள்ள, கேம் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை மட்டும் 720-க்கு இறக்கிப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறவே இல்லையென்றால் ப்ராசஸர். வாலரன்ட் மாதிரி எளிமையான காட்சி கொண்ட கேம்களில் பெரும்பாலும் ப்ராசஸர்தான் வரம்பு கட்டும்; பெரிய பெரிய காடும் நகரமும் காட்டும் கேம்களில் கார்டு.

இதனால்தான் ப்ராசஸரில் "ஐ7" என்ற ஸ்டிக்கருக்குக் காசு கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. செகண்ட் ஹேண்டில் ஐ7 என்று விற்பதில் பல, 2013-இல் வந்த நான்காம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100எஃப், 4 கோர் மட்டும் வைத்துக்கொண்டு அதை முந்திவிடும். பழைய மதர்போர்டுகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த இன்டெல் ப்ராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் ஒன்றும் வராது.

இனி அந்த நாலு ஜிபி. 2014-இல் வந்த ஜிடி 730 கார்டு 4 ஜிபி மெமரியோடு இன்றைக்கும் கடைகளில் கிடைக்கிறது. மெமரியின் அளவு மட்டும் தெரிந்து பயனில்லை. அதிலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவு வெளியே வரும் என்பதுதான் படத்தின் வேகம். பெரிய ஏரி, முழங்கை அகல மதகு என்றால் வயல் எப்படிப் பாயும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஜிடி 730-இல், 64 பிட் அகலப் பாதையும் டிடிஆர்3 என்ற பழைய மெமரியும் கொண்ட வகையில் நொடிக்கு 14.4 ஜிகாபைட் வரும். ஆர்எக்ஸ் 6600-இல் 128 பிட் வழியாக 224 ஜிகாபைட். பதினைந்து மடங்குக்கு மேல். கார்டின் பெட்டியில் '4 ஜிபி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். '64 பிட்' என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

அதற்காக அளவு முக்கியமே இல்லை என்றும் சொல்லமுடியாது. கேமின் சுவர், மண், முகம் என்று எல்லாவற்றின் மேல்தோல் படங்களும் கார்டு மெமரிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மிச்சம் மதர்போர்டு வழியாக ரேமிலிருந்து வந்து வந்து போகும். விளையாடும்போது திடீர் திடீரென்று அரை நொடி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு நல்ல உதாரணம். மெமரி 4 ஜிபி, போர்டோடு பேசும் பாதையும் 4 தடம் மட்டும். பிசிஐஇ 3.0 என்ற பழைய பாதை வகை கொண்ட போர்டில் அது நொடிக்குச் சுமார் 4 ஜிகாபைட்டாகச் சுருங்கிவிடும். புதிதாக வாங்கினால் 8 ஜிபிக்குக் கீழே போகவேண்டாம் என்பது என் எண்ணம்.

கார்டுக்கே இப்போது பணம் இல்லை என்பவர்களுக்கு ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராஃபிக்ஸ் கொண்ட ப்ராசஸர் உண்டு. ஆனால் அதற்குத் தனி மெமரி கிடையாது. சாதாரண ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டால் டிடிஆர்4-3200-இல் நொடிக்கு 25.6 ஜிகாபைட். இரண்டு 8 ஜிபியாகச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் 51.2. மொத்த ரேம் அதேதான், வேகம் இரட்டிப்பு. நாலு ஸ்லாட் இருக்கும் போர்டில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கடைக்காரர் "ஒரே ஸ்டிக்கா போட்டுக்கிட்டா பின்னாடி ஏத்திக்கலாம் தம்பி" என்பார். 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறியதைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் 'பின்னாடி' எப்போது வரும் என்று நிச்சயமில்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டாது. கேம் திறக்கும் நேரத்தைத்தான் குறைக்கும். ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் போடும் காலம் போய்விட்டது. மதர்போர்டில் கலர் விளக்கு வேண்டாம். கேபினெட்டில் கண்ணாடியும் வேண்டாம், முன்பக்கம் காற்று போகும் சல்லடை இருந்தால் போதும்.

இப்படி மிச்சம் பிடித்த காசு போகவேண்டிய இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்ட்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. கேபினெட்டோடு இலவசமாக வருவதை மட்டும் நம்பவேண்டாம். அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். மேலே '450 வாட்' என்று இருக்கும். கீழே கட்டத்தில் 12 வோல்ட் வரிசைக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்கி 192 வாட். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட்டில்தான். ஆர்எக்ஸ் 6600 மட்டும் 132 வாட், 5600 ப்ராசஸர் இன்னொரு 76 வரை. கணக்கு அங்கேயே உதைக்கிறது. மிச்ச வாட்டெல்லாம் இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் வரிசைகளில் காட்டிய கணக்கு.

அடுத்தது நம் ஊர் கரண்ட். குறுவைக்கு போர்வெல் தண்ணீரை நம்பி நாற்று விட்டிருக்கும் நேரம், ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வீடுகளும் பம்ப்செட்டுகளும் தொங்கும் ஊர்களில் 230 வோல்ட் 170-க்கு இறங்குவது புதிதல்ல. குண்டு பல்பாக இருந்தால் மங்கி எரியும், கரண்ட்டும் குறைவாக இழுக்கும். எஸ்எம்பிஎஸ் அப்படியல்ல. கம்ப்யூட்டர் கேட்கும் 300 வாட்டை எப்படியாவது கொடுத்தே தீர வேண்டும் என்பதால், வோல்டேஜ் குறையக் குறைய அதிக ஆம்பியர் இழுக்கும். 230-இல் 1.3 ஆம்பியர் என்றால் 170-இல் 1.76. கம்பியில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதால், அது எண்பது சதவீதம் வரை கூடும். ஸ்டிக்கரில் '100-240 வோல்ட்' என்று இருக்கும் எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டது. '200-240' என்று இருப்பது அப்படியல்ல. பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் வைத்த மலிவு ரகங்களில், சின்னப் பிள்ளைகள் யாராவது அதை 115-க்குத் தள்ளிவிட்டால் உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பாகி, மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் வெடிக்கும். டேப் ஒட்டி வைப்பது நல்லது.

அந்தக் கெப்பாசிட்டர்தான், கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியிலும் கம்ப்யூட்டரை உயிரோடு வைத்திருப்பது. நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16, 17 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் இருந்தால் பத்து, பதினைந்து மில்லி நொடியில் மாறும், நார்மலில் அதற்கு இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான். ஆனால் யுபிஎஸ் மோடுக்கு இன்னொரு குணம் உண்டு: சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே கரண்ட் போய்விட்டதாக எண்ணி பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் ஊரில் சாயங்காலம் முழுக்க பேட்டரியைத் தின்று, உண்மையிலேயே கரண்ட் போகும்போது வீடு இருட்டாகும். அங்கே கம்ப்யூட்டருக்கென்று தனியாக, வோல்டேஜைத் தானே ஏற்றி இறக்கும் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் வைப்பதுதான் சரி. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரோடு சில புது எஸ்எம்பிஎஸ்கள் ஒத்துப்போகாமல் அணைந்துவிடுவதும் உண்டு.

கேபினெட்டைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா? பெரும்பாலும் அது பழுதல்ல. மின்இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் ஒவ்வொரு சின்னக் கெப்பாசிட்டர் எர்த்துக்குப் போகும். வீட்டில் எர்த் வேலை செய்யாவிட்டால், இரண்டுக்கும் நடுவில் கேபினெட் 115 வோல்ட் அளவில் தொங்கும். வருவது நூலளவு கரண்ட்தான். ஆனால் எர்த் இல்லை என்பதற்கு அது அத்தாட்சி. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த கேம்.

சூட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கூலர் எதுவும் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் நிறுத்தும். 45 டிகிரி மேலே நிறுத்தும் கூலர், ஏசி அறையில் 25-க்கு 70 காட்டும். மே மாத தஞ்சாவூரில் 40-க்கு 85. ரைசன் 5600-இன் உச்சவரம்பு 90. தூசி கொஞ்சம் அடைத்தால் வரம்பைத் தொட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சம்பா அறுவடை நேரத்தில் மெஷின் ஓடும் வயலுக்குப் பக்கத்து வீடுகளில் அந்தத் தூசிக்குக் கேட்கவே வேண்டாம். அறுப்பு முடிந்ததும் சல்லடையைக் கழற்றி ஊதுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், பல நாள் அணைத்தே வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ரேமின் பொன்னிற விளிம்பு முதலில் மக்கர் பண்ணும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கினால், கடையிலேயே மாட்டி, ஒரு கேமையோ டெஸ்ட் சாஃப்ட்வேரையோ அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான மெமரிக் கோளாறு கார்டு சூடான பிறகுதான் கோடுகளாகவும் நிறப்பொட்டுகளாகவும் தெரியும். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் கார்டில் இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து மானிட்டர் கேபிளைச் சொருகும்போது, கார்டின் போர்ட்டில்தான் சொருகுங்கள். மதர்போர்டின் போர்ட்டில் சொருகிவிட்டு, "கார்டு வேலை செய்யலைண்ணே" என்று கடைக்கு போன் போடுகிறவர்கள் நிறையப் பேர்.