கல்லீரல் நோயாளிக்கு முட்டையை நிறுத்தாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். புளியரைக்காரர், கல்லீரல் சுருக்க நோய்க்கு என்னிடம் மருந்து வாங்குபவர். விடிகாலையில் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டிருந்தார். கையை நீட்டி விரல்களை நிமிர்த்தச் சொன்னேன். கை சிறகடிப்பது போலப் படபடத்தது. கல்லீரல் நோய் மூளையைக் குழப்பிவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

"சிரப் குடிச்சா வயித்தால போகுதுன்னு நிப்பாட்டிட்டோம் டாக்டர். பருப்பு, முட்டை கிட்டயே கொண்டுபோகல. இதத்தான் குடுத்தோம்" என்று அவர் மனைவி ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை. மூளையைக் காக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பு. குடலில் உண்டாகும் அம்மோனியா என்ற நச்சைக் கல்லீரல் நீக்காமல் விட்டு அது மூளைக்கு ஏறும்போது, அங்கே நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதைக் குளூட்டமினாக மாற்றி வீங்குகின்றன. கூடவே செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகுகின்றன. அவற்றை அடக்கும் முக்கியக் காவல் குளூட்டாதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்ட். ஆனால் அதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது: குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற 3 அமினோ அமிலங்களைக் கோத்து. இவை பருப்பிலும் முட்டையிலும் இருப்பவைதான். அதைப் பிடுங்கிவிட்டு டப்பாவை நம்பினால் எப்படி? புரதம் குறைந்தால் தசையும் கரையும். கல்லீரல் படுத்துவிட்டால் அம்மோனியாவை வாங்கிக்கொள்வது தசைதான்.

புரதம் கூடாது என்று ஒரு காலத்தில் டாக்டர்கள் நாங்களே சொன்னோம். அது தப்பு என்று தெரிந்து வெகுகாலம் ஆகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 கிராமாவது சேர வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். வெறும் வயிற்றோடு தூங்க விடாதீர்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலாவது கொடுங்கள்.

அப்புறம் அந்த சிரப். லாக்டுலோஸ் கொடுப்பதே மலம் இளக்கமாகப் போகத்தான். அம்மோனியா அதோடுதான் வெளியேறும். நாளுக்கு 2, 3 முறை போகட்டும். அதற்கு மேல் தண்ணீராகப் போனால் அளவைக் குறைப்போம், கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மலம் கறுப்பாகப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருந்தாலோ அன்றைக்கே கூட்டி வாருங்கள்.

கிரீன் டீ கேப்சூல், சீந்தில் பொடி இரண்டுமே கல்லீரலைக் கெடுத்ததுண்டு. எது வாங்கினாலும் கொடுப்பதற்கு முன்னால் டப்பாவோடு வந்து காட்டுங்கள், திட்ட மாட்டேன்.