தாத்தா பிறந்த ஊர் மட்டும் போதாது

முத்தியால்பேட்டையிலிருந்து அம்மாவும் மகனுமாக வந்திருந்தார்கள். பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து, நான்காக மடித்த ஒரு பிறப்புப் பதிவை மேசைமீது வைத்தார்கள். 1931, புதுச்சேரி, பிரெஞ்சு மொழி, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. “தாத்தா பிரெஞ்சு ஆட்சியில் பிறந்தவர், வக்கீல் சார். எனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் உண்டுதானே?” என்றான் மகன்.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: 1962 ஆகஸ்ட் 16 அன்று தாத்தா எங்கே குடியிருந்தார்?

1954 நவம்பர் 1-இல் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு நிர்வாகம்தான் கைமாறியது. 1956-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் பகுதிகளில் பிறந்து அன்று அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக்காரராகவே நீடிக்க விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்பா கொடுத்த கையெழுத்து, 18 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியது. ஆனால் அன்று சைகோனில் வேலையில் இருந்தவர் எதையும் எழுதாமலே பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியா என்று ஒரே வீடு இரண்டானது இப்படித்தான்.

எங்களுடையது ரெனோன்சான் (பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள்) குடும்பம் என்று சொல்வதும் தனியாகச் செல்லாது. 1881 ஆணைப்படி அவர்கள் விட்டுக்கொடுத்தது தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தை. 1962-இல் அவர்களும் இதே படிவத்தில்தான் கையெழுத்திட வேண்டியிருந்தது.

டின்னில் அந்தக் கையெழுத்துக்கான சான்று இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மூதாதையர் அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே வாழ்ந்து, விண்ணப்பிப்பவரும் பெற்றோரும் பிரெஞ்சுக்காரராக நடத்தப்பட்டதே இல்லை என்றால், வம்சாவளி வழியில் குடியுரிமையை நிரூபிக்க பிரெஞ்சு சிவில் சட்டம் இடம் தருவதில்லை. 1962-இலிருந்து எண்ணினால் 2012-லேயே ஐம்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இதைச் சொல்லாமல் முன்பணம் வாங்கும் தரகர்கள்மீது எனக்குத் தீராத கோபம்.

சான்று இருப்பவர்களுக்கும் எழுத்துப் பிரச்சினை உண்டு. முருகன் என்ற பெயர் பழைய பிரெஞ்சுப் பதிவேட்டில் பத்து எழுத்து (Mourougane), ஆதாரில் ஏழு (Murugan). இருவரும் ஒருவரே என்று நிறுவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தயவுசெய்து பழைய தாளை லாமினேஷன் செய்துவிடாதீர்கள்.

இனி ஓட்டு. ஒரு காலத்தில் இந்த ஊரே பாரிசில் உள்ள நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பியது. மார்க்கெட்டுக்குப் பெயர் தந்த எதுவார் குபேர் 1951-இல் அப்படிப் போனவர்தான். இன்று இங்குள்ள பிரெஞ்சுக் குடிமக்கள் அந்நாட்டின் குடியரசுத் தலைவருக்கு இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11 தொகுதிகளில் பதினொன்றாவதுக்கு உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலில் அவர்களுக்கு இடமில்லை. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும் இல்லை. பாரிசில் வேலை பார்த்தாலும் இந்திய பாஸ்போர்ட்டை வைத்திருப்பவர் படிவம் 6ஏ கொடுத்து இங்குள்ள வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். வாக்களிக்க நேரில் வர வேண்டும்.

கிளம்பும்போது அம்மா தயங்கி நின்றார். அவருடைய கொழுந்தனார் பத்து ஆண்டுகளுக்கு முன் விண்ணப்பித்து பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவராம். “அவர் பெயர் இன்னும் எங்கள் தெருப் பட்டியலில் இருக்கிறதே, சார். போன தேர்தலுக்குக்கூட வந்து போட்டுவிட்டுப் போனார்.” விரும்பி வேறு குடியுரிமை பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும் என்றேன். பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கோரும் படிவம் 7 ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.