சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாதா?

"சீனியைத் தொடுறதே இல்ல டாக்டர், கருப்பட்டிதான்." திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சுகர் நோயாளிகளைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் இந்தப் பேச்சு பழக்கம். கூடவே நீட்டுகிற ரிப்போர்ட்டில் வெறும் வயிற்று அளவு 180, 200 என்று நிற்கும்.

உடன்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு; காபிக்குப் போடுகிற அளவில் அது கணக்கில் வராது. போதாததற்கு, சீனி கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் வருகிறது. நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ஏறக்குறைய இதே கதைதான். உடம்புக்கு நல்லது என்ற தைரியத்தில் ஒரு ஸ்பூன் கூடுதலாகவே போட்டுக்கொள்கிறோம், அதுதான் என் கவலை.

உணவில் சேர்க்கும் சீனிக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு, முடிந்தால் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூன். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இரண்டு ஸ்பூன் போட்டு மூன்று காபி குடித்தாலே கோட்டா முடிந்தது. சுகர் இருப்பவர்களுக்கு இதையும்விடக் குறைவாக இருப்பதே நல்லது. சுக்ரோஸில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரை. அதைக் கையாளுவது பெரும்பாலும் கல்லீரல், அளவு மீறினால் கொழுப்பாக மாற்றிவிடும். குடிப்பழக்கமே இல்லாத இளைஞர்களின் ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று வருவதற்குத் தினமும் உள்ளே போகும் கூல்டிரிங்ஸும் ஒரு காரணம். அதில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவுக்குச் சீனி இருக்கும்.

சரி, சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பு மாத்திரை? அஸ்பார்டேம், சுக்ரலோஸ், ஸ்டீவியா எதுவும் ரத்தச் சர்க்கரையை நேரடியாக ஏற்றாது. 2023-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமைப் 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் சேர்த்ததும் பலர் பயந்துபோனார்கள். அதே சமயம் கூடிய இன்னொரு நிபுணர் குழு, எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் எடுக்கலாம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 60 கிலோ ஆளுக்கு அது 2,400 மில்லிகிராம். டீயில் போடும் ஒன்றிரண்டு மாத்திரை இதன் பக்கத்தில்கூட வராது. உடல் எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. சீனியை விட முடியாமல் தவிப்பவர்களுக்குச் சில மாதம் கைத்தடியாக நான் அனுமதிப்பேன். அப்புறம் அரை அரை ஸ்பூனாக இனிப்பையே குறைக்கச் சொல்வேன். நாக்கு சில வாரத்தில் பழகிவிடும்.

'சுகர் ஃப்ரீ' லட்டு, பிஸ்கட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். மைதாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. பலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் மால்டிட்டால் ஓரளவு சுகரை ஏற்றும், அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வரும்.

இன்னொன்றை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்த ஒரு அண்ணாச்சிக்குச் சுகர் இறங்கி, வேர்த்து, கை நடுங்கியிருக்கிறது. பதறிப்போன மருமகள், வீட்டில் சீனியே வைப்பதில்லை என்பதால், இனிப்பு மாத்திரை போட்டு டீ கொடுத்திருக்கிறார். நடுக்கம் நிற்கவில்லை. நிற்காது. அந்த மாத்திரையில் சுகரை ஏற்ற ஒன்றுமில்லை.

இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் எப்போதும் இருக்கட்டும். சுகர் இறங்கினால் 15 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சுகரைப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி அதே அளவு. வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்குச் சீனியோ கருப்பட்டியோ சட்டென்று வேலை செய்யாது. சுக்ரோஸ் குடலில் உடைவதையே அந்த மருந்து தாமதப்படுத்துகிறது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.